வேப்பங்கொத்து போன வழி

வேப்பிலை என் மகளின் புண்ணைப் பரப்பியதா, ஆற்றியதா?

இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அவள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். வலது தொடையில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி, வயிற்றின் குறுக்கே ஏறி, இடது அக்குள் வரைக்கும் சின்னச் சின்ன வெளுத்த தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. குளிப்பாட்டும்போது சோப்புப் போட்ட என் கை தானாகவே அந்த வரிசையில் போகும். கூசுகிறது என்று அவள் நெளிவாள். நான் கையை எடுத்துவிடுவேன். பிறகு மறுபடியும் அங்கேதான் போகும்.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து, கல்யாணம் ஆகும்வரை மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்தவள் நான். பிறர் சொன்னதைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பது என் வேலை. அதனால்தானோ என்னவோ, சொந்தமாக ஒரு வரி எழுதினால் உடனே அதற்கு எதிரான வரியும் சரியாகத்தான் தோன்றுகிறது. இதை மகன் பகலில் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். அவன் பிறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவனுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அது கடைசியில் புரியும்.

தங்கா பத்துவில் கடல் சத்தம் கேட்டு வளர்ந்த நான், கல்யாணமாகி செலண்டாருக்கு உள்ளே ஒரு தோட்டத்துக்கு வந்தேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்காளின் வீடு. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் அவருக்கு வேலை. மதியம் திரும்பியதும் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே என் வாசலில் வந்து நிற்பார். சோறு ஆக்கியாயிற்றா என்று கேட்கமாட்டார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பார். எனக்கு அவரிடம் பயம் உண்டு. அவர் பக்கத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வேன் என்ற பயமும் உண்டு. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகளுக்கு நடை வந்த புதிதில் தொடையில் ஒரு கட்டி வந்தது. சூட்டுக்கட்டி என்று நினைத்து இரண்டொரு நாள் விட்டேன். பிறகு தோட்டத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டாக்டருக்குப் பதில் இருந்த டிரெசர் ரோஸ் நிறத்தில் ஒரு சிரப் கொடுத்தார். கட்டி உடைந்து ஆறியது. ஆறியதும் சிரப்பை நிறுத்தினேன். பாட்டிலில் மிச்சம் இருந்தது, ஃபிரிஜில் வைத்தேன். அடுத்த கட்டி வந்தபோது அந்த மிச்சத்தைக் கொடுத்தேன். எங்கள் லயத்தில் எல்லாருடைய ஃபிரிஜிலும் அப்படி ஒரு பாட்டில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டில் சுவர் தாண்டிப் போகும். புண் ஆறிய பிறகும் மருந்தை ஊற்றினால் பிள்ளையின் வயிறு கெட்டுப்போகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்திருந்தது.

கட்டி திரும்பத் திரும்ப வந்தது. செலண்டார் டவுனில் ஒரு கிளினிக்கில் வெள்ளை நிறச் சிரப் கொடுத்தார்கள். அது கேட்டது. பிறகு கேட்கவில்லை. வேறொரு கிளினிக்கில் ஆரஞ்சு வாசம் அடிக்கும் சிரப். மகள் அதை விரும்பிக் குடித்தாள். அவளாவது விரும்புகிறாளே என்று எனக்கு ஒரு நிம்மதி. கட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக வந்தது. காலையில் எழுந்ததும் அவள் கவுனைத் தூக்கிப் பார்ப்பது எனக்குப் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஆரஞ்சு சிரப் பாதி தீர்ந்திருந்த சமயம். ஒருநாள் காலையில் பார்த்தால் கட்டியைச் சுற்றித் தண்ணீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். லயத்தின் கடைசி வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்போதுதான் அம்மை போட்டு இறங்கியிருந்தது. அண்ணி வந்தார். தொடாமல் குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆத்தா வந்திருக்கா பிள்ள."

அதற்குப் பிறகு வீடு எங்களுடையதாக இல்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது. மீன், கறி நின்றது. கணவர் சவரம் செய்வதை நிறுத்தினார். பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதில் வேப்பிலையைப் பரப்பி, மகளைப் படுக்க வைத்தோம். அண்ணி சிரப் பாட்டிலை எடுத்து அலமாரி உச்சியில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். டாக்டர் முழுவதும் கொடுத்து முடிக்கச் சொன்னாரே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டருக்கு மருந்து தெரியும். ஆத்தாவத் தெரியுமா?" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஆத்தா இருக்கிற வீட்ல மருந்து வாடையே ஆகாது. அவ வந்தா விருந்தாளி. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிருவா."

நான் கணவரைப் பார்த்தேன். "அக்கா சொன்னா கேளுலா" என்றார் அவர். அவருக்கு அம்மை போட்டபோது இப்படித்தான் செய்தார்களாம். முகத்தில் ஒரு வடு கூட இல்லை என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார். தாடி முளைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது வேப்பங்கொத்துக்கு வருகிறேன். அம்மை போட்ட உடம்பில் நகம் படக்கூடாது. அரித்தால் வேப்பங்கொத்தால் தடவிக்கொடுக்க வேண்டும். இது தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அண்ணி ஒவ்வொரு காலையும் புதுக் கொத்து ஒடித்துக்கொண்டு வருவார். பழையதைக் குப்பையில் போடமாட்டார், மரத்தடியிலேயே கொண்டுபோய் வைப்பார். ஆனால் ஒரு பகல் முழுவதும் ஒரே கொத்துதான். தலைமாட்டில் ஒரு பித்தளைத் தட்டில் இருக்கும். மகள் சிணுங்கினால் எடுத்துத் தடவுவோம். நான் தடவினேன், அண்ணி தடவினார், வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து கணவரும் தடவினார்.

மகளுக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். கட்டி வலிக்கிற தொடையில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி, வயிற்றுக்கு மேலே ஏறி, அக்குளில் கொண்டுபோய் முடிப்பேன். அக்குளில் இலை நுனி பட்டதும் சிரிப்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். சிரிப்பதற்காகவே மறுபடி தடவுவேன். மறுபடியும் தொடையிலிருந்து.

அம்மை முத்து ஒழுங்காக வற்றிக் காய்ந்து உதிரும் என்றார்கள். இவை காயவில்லை. உடைந்து, தேன் உறைந்த மாதிரி மஞ்சள் பொருக்குத் தட்டின. பொருக்கின் அடியில் சீழ். புதுக் கொப்புளங்கள் இடுப்பில் வந்தன, பிறகு வயிற்றில். ஆத்தா இறங்க மாட்டேன் என்கிறாள் என்று அண்ணி கவலைப்பட்டார். வீட்டில் ஏதோ சுத்தக்குறைவு நடந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். என்னிடம் கேட்கவும் செய்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரு கெரோப்போக் கனத்தது. லயத்துப் பிள்ளைகள் தின்று கொண்டிருந்ததில் ஒன்றை வாங்கி வாயில் போட்டிருந்தேன். எண்ணெயில் பொரித்த ஒரே ஒரு மீன் அப்பளம். அதற்காக ஆத்தா என் பிள்ளையை விட்டு இறங்காமல் இருப்பாளா என்று யோசித்தேன். இருக்கமாட்டாள் என்று என் படிப்பு சொன்னது. இருந்தால் என்ன செய்வாய் என்று வேறொன்று கேட்டது.

முதல் தண்ணீர் ஊற்றினோம். வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றுவது. ஊற்றிய மறுநாள் காய்ச்சல் ஏறியது. மதியம் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. கொத்தால் தடவினேன். அக்குள் வரைக்கும் போனேன். சிரிக்கவில்லை.

கணவர் குலை இறக்கிவிட்டு லாரியோடு அப்போதுதான் வந்தார். உள்ளே வந்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு வேட்டியோடு சேர்த்து அவளைத் தூக்கினார். என்னைச் செருப்பைப் போடச் சொன்னார்.

"அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

அண்ணி தடுப்பார் என்று நினைத்தேன். அவர் பிள்ளையின் துணிப்பையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மறு கையில் வேப்பங்கொத்து இருந்தது. செலண்டாரிலிருந்து மலாக்கா வரைக்கும் லாரியில் செம்பனை எண்ணெய் வாடையும் வேப்பிலை வாடையும் கலந்து அடித்தன. ஒவ்வொரு சிக்னலிலும் அண்ணி குனிந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து மூச்சைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். வேட்டியை விலக்கிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி பார்த்தார். பிறகு, புண் ஏன் இப்படி ஒரே வரிசையாகப் போகிறது என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. அரித்தால் பிள்ளை எங்கே சொறிவாள் என்று கேட்டார். சொறியவே விடவில்லை என்று அண்ணி பெருமையாகச் சொல்லி, கையிலிருந்த கொத்தைக் காட்டினார்.

"எப்படித் தடவுனீங்க? செஞ்சு காட்டுங்க."

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கொத்தை வாங்கி, பிள்ளையின் மேல் படாமல், காற்றில் தடவிக் காட்டினேன். தொடை, இடுப்பு, வயிறு, அக்குள். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை போன இடத்துக்குக் கீழேயெல்லாம் புண் இருந்தது. போகாத முதுகு பளிங்கு மாதிரி இருந்தது. முடிக்காமல் நிறுத்தவும் முடியவில்லை. அக்குள் வரைக்கும் கொண்டுபோனேன்.

"இது அம்மை இல்லம்மா" என்றார் டாக்டர். "தோல்ல வர்ற கிருமி. நான் இலையக் குத்தம் சொல்லல. ஒரு புண்ணத் தொட்டது எதுவும் நல்ல தோலத் தொடக்கூடாது. இலையா இருந்தாலும் சரி, என் விரலா இருந்தாலும் சரி."

அண்ணி குனிந்து மறுபடி புண்ணைப் பார்த்தார். "அப்ப ஆத்தா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். அண்ணி கொத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ நாளு மீனில்லாம சாப்பிட்டதெல்லாம் வீணாலா" என்றார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீழை ஒரு பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதற்கும் இந்தக் கிருமி அசையவில்லை. ரோஸ் சிரப், வெள்ளைச் சிரப், ஆரஞ்சு சிரப் எல்லாவற்றையும் அது பார்த்துப் பழகிவிட்டது. பாதி பாதியாகக் கொடுத்ததால் பழகியதா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். பிறந்தபோதே ஏதாவதொரு வார்டில் ஒட்டியதாகவும் இருக்கலாம், தேவையில்லாதபோதெல்லாம் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர்களாலும் இருக்கலாம், யாரால் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்றார். அன்றிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நரம்பு வழியாக ஏற்றும் மருந்து ஒன்று பாக்கி இருந்தது. மகளின் கையை ஒரு சின்னப் பலகையில் வைத்துக் கட்டி, ஊசி குத்தி, குழாய் பொருத்தினார்கள். இதற்கும் பழகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அண்ணி நர்சரியில் லீவு எடுத்தார். பார்வை நேரத்துக்கெல்லாம் பஸ் பிடித்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். வேப்பிலையும் பச்சை மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர். ஆத்தா இல்லை என்றால் வேப்பிலை கெட்டதாகிவிடுமா என்பது அவர் வாதம். எங்கள் வார்டில் நர்சாக இருந்த மலாய் மிஸ்ஸி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். தன் அம்மாவாக இருந்தால் வெற்றிலை போட்டுக் காய்ச்சியிருப்பார் என்று மலாயில் சொல்லிவிட்டு, டாக்டரைக் கேட்காமல் ஊற்றக்கூடாது என்று பிளாஸ்கை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டார்.

நான் டாக்டரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. வேப்பிலை, மஞ்சள், வெற்றிலை எல்லாவற்றின் சாற்றையும் எடுத்து இந்த மாதிரி மருந்துக்கு அடங்காத கிருமிகள் மேல் விட்டுப் பார்க்கிறார்கள் என்றார். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதில் ஒரு சொட்டு சாறு. சிலவற்றில் சொட்டைச் சுற்றிக் கிருமி செத்துப்போகிறதாம். மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டு வந்தால் நாமும் ஒருநாள் செடி பக்கம் போகவேண்டி வரலாம் என்றார். அண்ணியின் முகம் மலர்ந்தது. ஆனால் தட்டில் சாவது வேறு, பிள்ளையின் உடம்பில் சாவது வேறு, எவ்வளவு சாறு, எவ்வளவு நேரம், பிஞ்சுத் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் தனக்கும் தெரியாது, தெரிந்தவர் யாரையும் தனக்குத் தெரியாது என்றார்.

"தட்டுக்கு அரிக்காதுல்ல டாக்டரம்மா" என்றார் அண்ணி. "அதான் அதுக்குப் பொறுமை."

கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். புண் இல்லாத தோலை மட்டும் அந்தத் தண்ணீரால் துடைக்கலாம், நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும், ஒரு துணி ஒரே தடவைதான். அதனால் ஆறும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கெடுதல் இருக்காது என்று நினைக்கிறேன் என்றார். நான் அப்படியே செய்தேன். முதுகையும் கால்களையும் துடைத்தேன். புண்ணுக்குப் பக்கத்தில் போனால் என் கை நின்றுவிடும்.

மருந்து ஏற ஆரம்பித்துச் சில நாட்களாகியும் புண் அப்படியே இருந்தது. காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு மதியம் அண்ணியை உட்கார வைத்துவிட்டு நான் கேண்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கட்டுத்துணியெல்லாம் மஞ்சளாக நனைந்திருந்தது. பிளாஸ்க் காலி. மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுத் தடவல பிள்ள, ஊத்துனேன்" என்றார் அண்ணி. "ஊத்துற தண்ணி ஓடிப்போகும். கொத்து மாதிரி சுத்திச் சுத்தி வராது."

அப்போதுதான் தெரிந்தது, டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தன் வழியில். மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டை மாற்றினார். டாக்டரிடமும் சொன்னார். இனிமேல் திறந்த புண்ணில் ஊற்றவேண்டாம் என்று டாக்டர் அண்ணியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்து புண்கள் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தன.

இந்த மருந்து வேலை செய்ய இத்தனை நாள் பிடிக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கணவர் ஊசி மருந்துதான் என்றார். அண்ணி பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மிஸ்ஸி, பிள்ளைகள் உடம்பு தானாகவே எழுந்துவிடும் என்றார். யார் பேசுகிறார்களோ அவர் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் போன பிறகு இன்னொன்றும் தோன்றியது. கொத்தால் தடவுவதை நிறுத்தியதே போதுமானதாக இருந்திருக்குமோ? டாக்டரிடம் கேட்டேன். தெரியாது, பிள்ளை தேறிவிட்டாள் என்று சந்தோஷப்படுங்கள் என்றார். இனி ஒரு கட்டி வந்தாலும் உடனே கொண்டு வந்து, சீழைச் சோதிக்கச் சொல்லுங்கள், இந்தக் கதையை முழுக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். இந்தக் கிருமி ஒரு வீட்டில் நுழைந்தால் தோலில், மூக்கில் சும்மா உட்கார்ந்திருக்குமாம். நமக்கே தெரியாதாம்.

அதற்குப் பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டு செலண்டார் டவுன் ஓரம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அண்ணி தோட்டத்திலேயே இருக்கிறார். டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வாரம் ஒருமுறை அண்ணி செய்தித்தாளில் சுற்றி வேப்பிலை கொடுத்தனுப்புவார். நான் கொதிக்க வைத்து மகளைக் குளிப்பாட்டுவேன். எதற்காகச் செய்கிறேன் என்று தெரியாமல்தான் செய்தேன். செய்யாமல் இருந்து ஏதாவது வந்துவிட்டால் என்ற ஒரே காரணம்தான். துவாலையைத் தினமும் கொதிநீரில் போடுகிறேன். மகன் பிறந்த பிறகு அவனைத் தூக்குவதற்கு முன் கையைக் கழுவுகிறேன், தூக்கிய பிறகும் கழுவுகிறேன். என் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கணவர், நீ ஆபரேஷன் பண்ணப் போறியா என்று கேலி செய்வார். அந்த வெடிப்பில் அந்தக் கிருமி உட்கார்ந்திருந்தால் என்று அதற்கும் பயம்.

சென்ற வாரம் மகனின் கழுத்து மடிப்பில் ஒரு கட்டி. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். இவன் அக்காளுக்கு வந்ததைச் சொன்னேன். பார்த்த டாக்டர் அதெல்லாம் பழைய கதை என்று சிரப் கொடுத்தார். இந்தத் தடவை ஒரு வேளை கூடத் தவறவில்லை. இன்று காலை கட்டியைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்துவர், நல்ல மனசு, ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார். நேரடி விற்பனைக்காரர்களிடம் வாங்கிய செடி எண்ணெய். கட்டி, படை, புண் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாம். எத்தனை சொட்டு, எந்த வயதுக் குழந்தைக்கு என்று லேபிளில் இல்லை. திறந்தபோது எனக்கே கண் எரிந்தது. நன்றி சொல்லி வாங்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அண்ணி அன்று சிரப்பை வைத்ததும் அதே மாதிரி உச்சியில்தான்.

மதியம் அண்ணி வந்தார். இப்போது முட்டி வலியால் மெதுவாகத்தான் நடக்கிறார். தொடாமல் குனிந்து பார்த்தார். கையைக் கூப்பவில்லை. ஆத்தா என்று சொல்லவில்லை. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று நான் கேட்டேன்.

"நீயே சொல்லு பிள்ள" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் அவர் சொன்னார், நான் கேட்டேன், மனதுக்குள் குறை சொன்னேன். இப்போது குறை சொல்ல யாரும் இல்லை. போகும்போது செய்தித்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் வெறும் இலை. காம்பு ஒன்றுகூட இல்லை. கொத்தாக ஒடித்துக் கொடுத்தால் யாராவது எடுத்துத் தடவிவிடுவார்கள் என்று உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக உருவியிருக்கிறார்.

நாளை காலை கணவர் லீவு. மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சீழை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பேன், பழைய கதையையும் முழுக்கச் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. மகன் விழித்துக்கொண்டான். தொட்டிலில் கழுத்தைச் சொறியக் கையைத் தூக்குகிறான். கையில் காலுறையை மாட்டியிருக்கிறேன். அழுகிறான். மேசைமேல் இலை இருக்கிறது. கொதிக்க வைத்த தண்ணீரும் இருக்கிறது. ஊற்றினால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஊற்றிவிட்டுப் போனால் சோதனையில் கிருமி சரியாகத் தெரியாமல் போய்விடுமோ என்று பயம். ஊற்றாமல் விட்டு, அன்று மகளைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர்தான் என்றால், இவனுக்கு என்ன பதில் சொல்வேன்?

இதைப் படிப்பவர்களில் யாருடைய பிள்ளைக்காவது இப்படி மருந்துக்கு அடங்காத புண் வந்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஆஸ்பத்திரி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே இலைத் தண்ணீரும் ஊற்றினீர்களா? எந்த இலை, டாக்டரிடம் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்? எது ஆற்றியது என்று உங்களுக்காவது தெரிந்ததா? அதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு அரிக்கும்போது, நகமும் படாமல், கொத்தும் தடவாமல், என்ன செய்து சிரிக்க வைத்தீர்கள் என்பதையாவது சொல்லுங்கள்.